குதிகால் நாண்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் திறத்தையும் சிலம்பின் சுவையையும் அறிஞர் பெருமக்கள் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவு வந்து பிழைக்கும் நமக்கு அப்பேச்சுகள் தாய்வீட்டு விருந்து போன்றவை. இவ்வாண்டு என்னையும் பேசுமாறு செயலாளர் பணித்தபோது திகைத்தேன். நான் புலவனல்லன், பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதி வருபவன். "நீர் பட்ட பாட்டைப் பேசும், அது நாலு பேருக்குப் பயன்படும்" என்றார் அவர். ஆகவே, என் வலக்கால் எனக்குக் கற்பித்த பாடத்தை உங்கள் முன் வைக்கிறேன். மருத்துவச் செய்திகளை மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களிற் படித்தும் அறிந்துகொண்டேன். குறையிருப்பின் பொறுத்தருள்க.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விளையாட்டு விழாவில், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கென ஓட்டப் பந்தயம் வைத்தார்கள் அல்லவா? இளமையில் ஓடிய கால் என்ற இறுமாப்பில் நானும் கோட்டில் நின்றேன். விசில் ஊதியதும் பாய்ந்தேன். பத்தடி போவதற்குள் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. பின்னாலிருந்து யாரோ குதிகாலின்மேல் கட்டையால் அடித்துவிட்டார்கள் என்றே எண்ணிச் சினத்துடன் திரும்பினேன். பின்னால் ஒருவரும் இல்லை. மறுகணம் தரையில் இருந்தேன்.

பெரியவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "சுளுக்கு" என்றார்கள், நானும் அவ்வாறே நம்பினேன். மறுநாள் ஒரு மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு முறியவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் ஆறுதலடைந்து வீடு திரும்பினேன். என் மனைவி நாள்தோறும் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். வலியும் விரைவிலேயே தணிந்தது. ஆறாம் நாள் அலுவலகம் சென்றேன். குணமாகிவிட்டது என்று பலரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஆயினும் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறும்போது வலக்கால் என்னைத் தூக்க மறுத்தது. சமதரையில் நடந்தேன், படியில் திணறினேன். ஐந்தாம் வாரம் ஓர் எலும்பு அறுவை மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னைக் குப்புறப் படுக்கச் செய்து, கெண்டைக்காற் சதையைக் கையால் ஒருமுறை பிசைந்தார். இடப்பாதம் அசைந்தது, வலப்பாதம் அசையவில்லை. அரை நிமிடத்தில் சோதனை முடிந்தது. "குதிகால் நாண் முழுவதும் அறுந்திருக்கிறது. முதல் வாரமே வந்திருந்தால் சிறு துளைகளோடு தைத்திருக்கலாம்; கத்தியே இல்லாமலும் சேர்ந்திருக்கக்கூடும். இப்போது இரண்டும் இயலாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்று இம்மேடையில் நிற்கிறேன்.

அன்பர்களே! இந்த நாண் என்பது யாது? கெண்டைக்காலில் இரு பெருந்தசைகள் உள்ளன. அவ்விரண்டும் கீழ்நோக்கிச் சென்று ஒன்றுகூடித் தடித்த கயிறாகிக் குதிகால் எலும்பின் பின்புறத்தில் பற்றிக்கொள்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் இத்தகைய கயிற்றையே தசைநாண் என்கிறோம். மனித உடலில் உள்ள தசைநாண்களுள் இதுவே மிகப் பெரியது, மிக வலியது. கெண்டைத்தசை சுருங்கும்போது நாண் குதிகாலை மேலே இழுக்கிறது. முன்பாதம் தரையை உந்துகிறது. நாம் அடியெடுத்து வைக்கிறோம். வில்லுக்கு நாண் எப்படியோ அப்படியே நடைக்கு இது. நாண் அறுந்த வில் வெறும் மூங்கில்.

நாமோ பேச்சு வழக்கில் இதனையும் "நரம்பு" என்றே சொல்கிறோம். உணர்ச்சியைக் கொண்டு செல்வதும் நரம்பு. யாழில் இசை எழுப்புவதும் நரம்பு. தசையைக் கட்டுவதும் நரம்பு. பழங்காலக் கிரேக்கரும் நியூரோன் என்ற ஒரே சொல்லால் தசைநாணையும் குறித்தார்கள். அச்சொல்லிலிருந்தே இக்கால மருத்துவம் உணர்ச்சி நரம்புக்குப் பெயர் எடுத்துக்கொண்டது. ஆனால் அறுவை மருத்துவருக்கு இரண்டும் வேறு. இரண்டையும் பிரித்தறிவதே இச்சிகிச்சையின் உயிர்நாடி என்பதைப் பின்னர்க் காண்போம்.

மேனாட்டார் இந்நாணுக்கு அக்கிலீஸ் என்ற வீரனின் பெயரை இட்டிருக்கிறார்கள். அவன் தாய் அவனைக் குழந்தையாக இருக்கும்போது ஸ்டைக்ஸ் ஆற்றில் முழுக்கினாளாம். அவள் பற்றியிருந்த குதிகால் மட்டும் நீர் படாமல் எஞ்சியது; அங்கே அம்பு தைத்து அவன் மாண்டான் என்பது கதை. நம் கண்ணபிரானும் பாதத்தில் வேடன் அம்பு பட்டே உலகை நீத்தார் என்று பாரதக் கதை கூறுகிறது. மாவீரரின் முடிவைப் பாதத்தில் வைத்த எண்ணம் இரு நாட்டிலும் ஒத்திருப்பது வியப்புக்குரியது. பிளாண்டர்ஸ் நாட்டு உடற்கூற்று அறிஞர் பிலிப் வெர்ஹெயன் 1693ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நாணை அக்கிலீசின் பெயரால் குறித்தார்; அப்பெயரே நிலைத்தது.

இவ்வளவு வலிய நாண் ஏன் அறுகிறது? ஓடும்போது இதன்மேல் விழும் இழுவிசை உடல் எடையைப்போல் பன்னிரண்டு மடங்கு வரை எழக்கூடும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏழு குவிண்டாலுக்கு மேல்! சரக்குக் கொட்டகையில் ஏழு குவிண்டால் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தவன் நான். அதனை ஒரு விரற்பருமனுள்ள கயிறு தாங்குகிறது என்றால் நம்புவது அரிது. குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. வரை உயரத்தில் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. அறுபடுவோருள் முப்பது, நாற்பது வயது ஆண்களே மிகுதி. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, ஒரு நாள் மட்டும் இளைஞராகிவிடும் என்னைப் போன்றோர்!

சில மருந்துகளும் நாணை நலிவுறச் செய்யும். சிப்ரோபிளாக்சசின், லிவோபிளாக்சசின் முதலிய மருந்துகள் நாண் அழற்சியையும் அறுதலையும் விளைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2008ஆம் ஆண்டு கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்க்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோர்க்கும் இடர் அதிகம். காய்ச்சலுக்கோ வயிற்றுப் போக்குக்கோ கடைக்காரரிடம் தாமே கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கமுடையோர் இதனை நினைவிற் கொள்க. மருத்துவர் எழுதித் தந்து உட்கொள்ளும்போது குதிகால் வலித்தால் உடனே அவரிடம் கூறுக.

இனி, அறுந்ததை எவ்வாறு அறிவது? இங்கேதான் நான் ஏமாந்தேன். அறுந்த பின்னும் நடக்க முடியும். பாதத்தை ஓரளவு கீழ்நோக்கி வளைக்கவும் முடியும். கணுக்காலைச் சுற்றியுள்ள வேறு சிறு நாண்கள் அவ்வேலையைச் செய்கின்றன. எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும். நாண் அறுந்ததைத் தெளிவாகக் காட்டாது. ஆதலின் எலும்பு நன்றாயிருக்கிறது என்பதால் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று கொள்ளலாகாது. என் மருத்துவர் செய்த சோதனையை இங்கிலாந்தின் சிம்மண்ட்ஸ் 1957ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் தாம்ப்சன் 1962ஆம் ஆண்டிலும் எழுதி வைத்தார்கள். அடிபட்டவர் கட்டிலிற் குப்புறப் படுத்துப் பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கெண்டைச்சதையை அழுத்தினால் நாண் நன்றாயுள்ள பாதம் கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த பாதம் அசையாது. இதற்குக் கருவி வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. குதிகாலுக்கு மேலே விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படலாம். அந்தக் காலொன்றில் மட்டும் நின்று நுனிக்காலில் எழும்ப இயலாது. பின்காலில் அடிபட்டது போன்ற உணர்ச்சியும் இக்குறிகளும் இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்து, எலும்பு மருத்துவரிடம் அன்றே செல்ல வேண்டும்.

அடுத்தது சிகிச்சை. பழைய முறை, காலின் பின்புறத்தை நீளமாகக் கீறி, நாணின் இரு முனைகளையும் கண்ணாற் கண்டு தைப்பது. தையல் உறுதியாக அமையும். ஆனால் அவ்விடத்துத் தோல் மெல்லியது; அடியிற் கொழுப்பும் குறைவு; இரத்த ஓட்டமும் அற்பம். ஆகவே புண் ஆறாமலும் சீழ் பிடித்தும் துன்புறுவோர் சிலர் உண்டு. மேலும், நாணைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதுவே நாணுக்கு இரத்தம் ஊட்டுகிறது. நீளக் கீறும்போது அவ்வுறையும் கிழிகிறது.

இக்குறையை நீக்க, 1977ஆம் ஆண்டில் மா, கிரிபித் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். நாணின் இருபக்கமும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிறு துளைகள் இட்டு, ஊசியைத் தோலின் வழியே செலுத்தி, அறுந்த முனைகளை நூலால் இழுத்துச் சேர்த்து, முடிச்சைத் தோலுக்கடியில் மறைத்தார்கள். புண் சிறிதாயிற்று, உறையும் பிழைத்தது. ஆனால் வேறோர் இடர் தலைதூக்கியது. கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கும் உணர்ச்சி நரம்பு ஒன்று, குதிகாலுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே நாணின் வெளிப்புற ஓரத்தைக் குறுக்கே கடந்து செல்கிறது. பாதத்தின் வெளிப்புறத்துக்கு உணர்வு தருவது அது. காணாமல் செல்லும் ஊசி அந்த நரம்பைக் குத்தலாம். நூல் அதனையும் சேர்த்துக் கட்டிவிடலாம். நாணும் நரம்பும் வேறென்று முன்பு சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

அதன்பின் இரு முறைகளையும் கலந்து ஒரு நடுவழி பிறந்தது. இரண்டு அல்லது மூன்று செ.மீ. அளவே கீறி, முட்கரண்டி போன்ற ஒரு வழிகாட்டிக் கருவியை உறைக்குள்ளே நாணின் இருமருங்கும் செலுத்துகிறார்கள். வெளியிலிருந்து ஊசிகள் அக்கருவியின் துளைகள் வழியே நாணை ஊடுருவுகின்றன. பின்னர்க் கருவியை வெளியே இழுக்கும்போது நூல்களும் உடன் இழுபட்டு, முழுவதும் உறைக்குள்ளேயே வந்தடைகின்றன. இடையில் நரம்பு அகப்படும் வாய்ப்பு குறைகிறது. முனைகள் சேர்ந்ததையும் கண்ணாற் காணலாம். ஆனால் இதற்கு முனைகள் அருகருகே இருத்தல் வேண்டும். நாட்கள் செல்லச் செல்லத் தசை மேலே சுருங்குகிறது, இடைவெளி விரிகிறது, நடுவே உறுதியற்ற தழும்பு நிரம்புகிறது. ஆதலின் முதல் இரண்டு வாரமே இதற்குரிய காலம். நான் ஐந்து வாரத்தை எண்ணெயில் கரைத்தேன். எனக்கு நீளக் கீறி, பெருவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகாலிற் பொருத்தினார்கள். புண் ஆற இரண்டு திங்கள் ஆயின; வேலைக்குத் திரும்ப ஐந்து திங்கள்.

இவ்வளவு கூறியதால், சிறு துளையே எல்லோர்க்கும் உகந்தது என்று நான் பறைசாற்றுவதாகக் கொள்ள வேண்டா. நார்வே நாட்டு மருத்துவர்கள் நாண் அறுந்த 554 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 2022ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு அறுவையின்றிச் சிகிச்சை. ஒன்றுக்கு நீளக் கீறிய அறுவை. ஒன்றுக்குச் சிறு துளை அறுவை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்று பிரிவினரின் கால் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! மீண்டும் அறுந்தவர்கள், அறுவை செய்யாதோருள் நூற்றுக்கு 6.2 பேர், அறுவை செய்த இரு பிரிவிலும் நூற்றுக்கு 0.6 பேர். நரம்பு ஊறுபட்டவர்கள், சிறு துளைப் பிரிவில் நூற்றுக்கு 5.2, நீளக் கீறிய பிரிவில் 2.8, அறுவை செய்யாத பிரிவில் 0.6. இக்கணக்கைப் பேரேடு போல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வழியிலும் வரவும் உண்டு, செலவும் உண்டு என்பது புலனாகும். ஓடியாடி உழைப்பவர்க்கு ஒன்று பொருந்தும். சர்க்கரை நோயோ புகைப் பழக்கமோ உடையவர்க்குப் புண் ஆறுவது கடினமாதலின் மற்றொன்று பொருந்தும். மருத்துவரிடம் மூன்று வழிகளையும் கேட்டறிவது நம் உரிமை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு, காலந்தாழ்த்தாமை அது.

சிறு துளையால் நாணைத் தீண்டும் கலை புதியதன்று. ஜெர்மனியில் லூயி ஸ்ட்ரோமெயர் என்ற மருத்துவர் 1831ஆம் ஆண்டிலேயே, உள்வளைந்த பாதத்தை நேராக்குவதற்காகத் தோலிற் சிறு துளையிட்டுக் குதிகால் நாணை வெட்டினார். சீழைத் தடுக்கும் முறைகள் அறியப்படாத அக்காலத்தில், சிறு துளையே உயிருக்குக் காவல். வில்லியம் லிட்டில் என்ற ஆங்கில இளைஞர் தாமே மருத்துவர்; இளமையில் வந்த நோயால் பாதம் வளைந்தவர். அவர் ஹனோவர் சென்று 1836ஆம் ஆண்டில் ஸ்ட்ரோமெயரிடமே அறுவை செய்துகொண்டார். நலமடைந்து நாடு திரும்பி, அக்கலையை லண்டனில் பரப்பினார்.

அக்கலை இன்றும் நம் நாட்டுக் குழந்தைகளைக் காத்து வருகிறது. ஸ்பெயினிற் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறை அது. பிறவியிலேயே பாதம் உள்வளைந்த குழந்தைக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இறுதியில் ஒரு சிறு துளை வழியே குதிகால் நாணை வெட்டுகிறார்கள்; மூன்று வாரக் கட்டுக்குள் பச்சிளங் குழந்தையின் நாண் தானே நீண்டு வளர்ந்து சேர்ந்துவிடுகிறது. அதன்பின் நான்கைந்து வயது வரை இரவில் தனிக் காலணி அணிவிக்க வேண்டும். அதனைப் பெற்றோர் இடையில் விட்டுவிட்டால் பாதம் மீண்டும் வளையும். நம்மில் யார் வீட்டிலேனும் அத்தகைய குழந்தை பிறந்தால், விதி என்று மூலையில் முடக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

துளை வழியே தைப்பது ஒரு கலை. துளை வழியே காண்பது மற்றொரு கலை. ஜப்பானின் கென்ஜி தகாகி 1918ஆம் ஆண்டில், சிறுநீர்ப்பையைக் காணும் குழலை இறந்தவர் ஒருவரின் முழங்காலுள் செலுத்திப் பார்த்தார். கணுக்கால் மூட்டு மிகக் குறுகியது, குழலுக்கு இடமில்லை என்று 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்மன் கைவிட்டார். பின்னர்க் குழல்கள் மெலிந்தன. கண்ணாடிகள் கூர்மை பெற்றன. ஆம்ஸ்டர்டாம் நகரின் வான் டைக், கணுக்காலைச் சுற்றியுள்ள நாண்களின் உறைக்குள்ளேயே குழலைச் செலுத்தும் முறையை வளர்த்தார். 2000ஆம் ஆண்டில், நாணின் இருபுறமும் ஒவ்வொரு துளையிட்டுக் குதிகாலின் பின்பகுதியை ஆராயும் முறையை வெளியிட்டார். உறையின் அழற்சியை நீக்கவும், ஒட்டுகளை விடுவிக்கவும், நாணை உராயும் எலும்புப் புடைப்பைச் சீவவும் இன்று இக்குழல் உதவுகிறது.

கத்தியே வேண்டாத இடத்தையும் சொல்லி முடிக்கிறேன். நாண் அறாமல் நாட்பட்டு வலிப்பது ஒன்றுண்டு. சுவீடனின் எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்பிரட்சன் அவ்வலியால் வருந்தினார். அறுவை செய்யுமாறு தம் மேலதிகாரியை வேண்ட, அவர் மறுத்தார். நாண் அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, அதனை அறுக்கும் நோக்கத்துடனேயே ஆல்பிரட்சன் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை, வலிதான் அகன்றது! 1998ஆம் ஆண்டில் அப்பயிற்சியைப் பிறர்க்கும் பயன்படுமாறு வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல இறக்குவதே பயிற்சி; பன்னிரண்டு வாரம் செய்ய வேண்டும். நாண் அறுந்தவர்க்கு இது ஆகாது. வலியுள்ளவர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அறுவை எதுவாயினும் பாதி வேலைதான் மருத்துவருடையது, மறுபாதி நம்முடையது. முன்பெல்லாம் பல வாரம் மாவுக்கட்டில் காலைச் சிறையிட்டார்கள். இப்போது குதிகாலை உயர்த்திப் பிடிக்கும் ஆப்புகள் வைத்த தனிக் காலணி அணிவித்து, மருத்துவர் ஆணைப்படி முன்னதாகவே நடக்கவிடுகிறார்கள். ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அவசரப்பட்டு நாமே எடுத்தால் நாண் நீண்டு சேரும். நீண்ட நாண் தொய்ந்த வில். உந்தும் ஆற்றல் போய்விடும். அந்நாட்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ இரத்தம் உறைந்திருக்கலாம். நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அன்பர்களே! இன்றும் அலுவலகத்தில் மேல் அடுக்கிலுள்ள பேரேட்டை எடுக்க வலக்காலில் எம்ப என்னால் இயலாது. பக்கத்து மேசையில் இருக்கும் இளைஞர் எடுத்துத் தருகிறார். என் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடும் இன்பம் போயிற்று. யாரையும் நான் குறை கூறவில்லை; அறியாமையே என் பகை. ஆயினும் அந்த ஐந்து திங்களில் இச்சங்கத்தார் செய்த உதவியை மறக்கவியலாது. ஒருவர் தம் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தாய்மார்கள் முறை வைத்துச் சோறு கொணர்ந்தார்கள். என் மகனுக்கு மாலைதோறும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் மற்றொருவர். உறவினர் ஒருவருமில்லாத ஊரில் எனக்கு நாணாக நின்றது இச்சங்கம்.

அந்நன்றிக்கு ஈடாக ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கும் ஓட்டப் பந்தயம் வைப்பீர்கள், வைக்க வேண்டும். ஆனால் விசில் ஊதுமுன் கால்மணி நேரம் எல்லோரும் மெல்ல நடந்து, மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிக் கொள்ளட்டும். யாரேனும் "என்னைப் பின்னால் யார் அடித்தது?" என்று திரும்பிப் பார்த்தால், அவரைக் கைத்தாங்கலாக அமர்த்தி என்னை அழையுங்கள். ஓட இயலாவிட்டாலும், கோட்டருகே நாற்காலி போட்டு நான் அமர்ந்திருப்பேன்.